வீரனாருக்கு வாங்கிய நாலு பன்றிக்கால்

இதை எழுதலாம் என்று பேனாவைத் திறப்பதும், வேண்டாம் என்று மூடுவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. சீமைக்குப் போய் வந்த சங்கதியை எல்லாரும்தான் எழுதுகிறார்கள். நான் கூசியதற்குக் காரணம் பன்றி. எங்கள் குடவாசல் பக்கத்தில் பன்றிக்கறி தின்கிற வீடு நிறைய உண்டு. தின்றோம் என்று வாய்விட்டுச் சொல்கிற வீடுதான் கிடையாது. நானோ சிவன் கோயில் பஜனையில் ஜால்ரா தட்டுகிறவன், எட்டாவது வரைக்கும் படித்தவன். ஆனால் போன பொங்கலுக்கு எங்கள் வாசலில் பானை ஏறாததைப் பார்த்துவிட்டு ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். வீரனார் மன்னிக்கட்டும். பஜனைக்காரர்களும் மன்னிக்கட்டும்.

வீரனார் எங்கள் குலசாமி. வாய்க்கால் கரையில் நுணா மரத்தடியில் நட்டு வைத்த ஒரு செங்கல்தான் அவர். கூரை போட்டால் அவருக்குப் பிடிக்காது என்று யாரும் போடவில்லை. அவருக்குப் பன்றிதான் படையல். ஆக்குவது ஆண்கள். அன்றைக்கு வாங்கிய கறியை அன்றைக்கே ஆக்க வேண்டும். உப்பு சேர்க்கக் கூடாது. வெந்ததா என்று பார்க்கக்கூட நாக்கில் வைக்கக் கூடாது. சட்டியில் ஊற்றிய தண்ணீரைக் கீழே கொட்டக் கூடாது. பிறகு பங்காளிகள், அதாவது ஒரே தகப்பன் வழியில் வந்த ஆண்கள், அங்கேயே உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டும். மிச்சமில்லாமல் தீர்ந்தால் சாமி ஏற்றுக்கொண்டார். ஒரு துண்டு மிஞ்சினாலும் வேண்டுதல் நிறைவேறவில்லை என்று அர்த்தம். ஊரில் ஏழு வீட்டுப் பங்காளிகள் இருக்கிறோம். எது மிஞ்சும்?

என் மகன் முருகு மன்னார்குடியில் காலேஜ் முடித்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை பார்த்து, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போனவன். எஸ்.டி.டி. பூத்துக்காரர்கள் எல்லாம் செல்போன் ரீசார்ஜ் கடைக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே அவனுக்குக் கயல் பிறந்தாள். மாதம் நிறையாத பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. போனில் முருகுக்குப் பேச்சு வரவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நான் ஈர வேட்டியோடு ஓடிப்போய்ச் செங்கல் முன்னால் விழுந்து, "புள்ளயக் குடுத்துரு. மொத முடி ஒனக்கு, படையலோட" என்று சொல்லிவிட்டேன்.

பிள்ளை பிழைத்தது. முடியும் வளர்ந்தது. ஆனால் அவர்கள் ஊருக்கு வர முடியவில்லை. ஏதோ காகிதம் கையில் வராமல் நாட்டைவிட்டு வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்களாம். கயலுக்கு இரண்டரை வயசாகிவிட்டது. ஒருநாள் மருமகள் சுதாவே போன் போட்டாள்.

"மாமா, முடி குத்திக் குத்திப் புள்ளைக்குக் கண்ணு செவந்து கெடக்கு. சீப்பெடுத்தாலே வீட்டச் சுத்தி ஓடுறா. நீங்க வந்து வேண்டுதல முடிச்சு வைங்க. முடியலன்னா சொல்லிருங்க, மறுநாளே நான் சலூனுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வாக்குக் கொடுத்தவன் நான். எங்கள் வகையறாவில் வீரனாருக்குப் பூசை வைக்கிறவர் என் பெரியப்பா மகன் கோவிந்தராசு அண்ணன். அவரிடம் போனேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு வழி சொன்னார்.

"முழுப் பன்னிக்கு அந்த ஊர்ல எங்க போவ? நாலு கால் வாங்கு. நாலு காலு இருந்தா அது ஒரு பன்னிதான். ஆனா முட்டி இருக்கணும்டா. முட்டி இல்லாத காலு நிக்காது. நிக்காத பன்னிய சாமி எப்படி ஏத்துக்கும்?"

வீரனார் திருநீறு ஒரு பொட்டலம், வீட்டு அரிசி, மிளகு, சீரகம், மஞ்சள். இவ்வளவோடு நான் போய் இறங்கினேன்.

இறங்கிய அன்று குளிரைப் பார்த்து நான் சொன்னது, "மார்கழிய பொட்டியில பூட்டி வச்ச மாதிரி இருக்கு." முருகு இருந்தது மாடி வீடு. அடுப்பில் மிளகு வறுத்தால் கூரையில் இருக்கிற ஒரு வட்டப் பெட்டி கத்துகிறது. நம் ஊரில் தாளிக்கிற வாசனைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வருவார், இங்கே தீயணைப்பு வண்டி வருமாம். சாப்பாட்டுக்கு ரொட்டி, மறுபடி ரொட்டி. ஆனால் பாலைக் குறை சொல்ல மாட்டேன். ஆடை கனமாகப் படிகிறது.

மறுநாள் முருகு பெரிய கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை வாங்கி வந்து நீட்டினான். உள்ளே ரோஸ் நிறத்தில் காகிதம் காகிதமாக ஏதோ அடுக்கியிருந்தது.

"என்னடா இது?"

"பன்னித் தொடைப்பா. மெஷின்ல சீவினது."

"இதுல முட்டி எங்க?"

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சுதா உள்ளேயிருந்து, "பின்னாடி எழுதியிருக்கான்னு பாருங்க" என்றாள். அவள் கும்பகோணத்துக்காரி. கோழியோடு நிறுத்திக்கொள்கிற குடும்பம். எங்கள் சாமி மேல் அவளுக்குப் பக்தி உண்டு, சாமியின் வாய்ருசி மேல் கிடையாது.

அன்று சாயங்காலம் கீழ்வீட்டுக்காரர் வந்தார். பெயர் கென். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பெண்சாதி இறந்து தனியாக இருக்கிறார். கயல் மேல் உயிர். முருகு என் தேவையை அவரிடம் சொன்னான். கென் எழுந்து பேண்டைத் தூக்கி, கணுக்காலுக்கு மேலே, கெண்டைக்காலுக்குக் கீழே தன் காலையே தட்டிக் காட்டினார். அந்த இடத்துக்கு ஹாம் ஹாக் என்று பெயராம். குளம்பை நீக்கி, தொடையைத் தனியாக எடுத்த பிறகு நடுவில் நிற்கிற முட்டி. பெரிய கடையில் கிடைக்காது, பக்கத்து ஊர்ச் சந்தையில் ஒரு கறிக்கடைக்காரர் வைத்திருப்பார் என்றார். "அந்தக் காலத்துல இது இல்லாதவங்க சாப்பாடு. எங்கம்மா வாராவாரம் ஆக்குவா" என்று அவர் சொன்னதாக முருகு சொன்னான்.

எங்கே ஆக்குவது என்ற கேள்விக்கும் அவரே பதில் வைத்திருந்தார். ஊர்க்கோடியில் வாடகைக்குச் சின்னச் சின்னத் தோட்டமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பங்கில் உருளைக்கிழங்கும் அவரையும் போட்டிருந்தார். நம் ஊரில் நாற்றங்காலுக்கு விடுகிற இடம்தான் இருக்கும். ஆனால் பாத்தி கட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கு மரியாதை வந்துவிட்டது. விவசாயி எந்த நாட்டில் இருந்தாலும் விவசாயிதான்.

நல்ல நாள் பார்த்துக் காலையிலேயே முருகும் நானும் சந்தைக்குப் போனோம். கறிக்கடைக்காரர் ஆறடி ஆள், வெள்ளைக் கோட்டு. வருகிறவர்களை எல்லாம் கண்ணே, கண்ணு என்றுதான் கூப்பிடுகிறார். என்னையும் அப்படியே கூப்பிட்டார். எனக்கு அறுபது வயசு.

"முன்னங்கால் வேணுமா, பின்னங்கால் வேணுமான்னு கேக்குறாருப்பா."

"முன்ன ரெண்டு, பின்ன ரெண்டு. ஒரே பன்னியோடதான்னு கேளு."

"அப்பா, அதெல்லாம் கேக்க முடியாது."

"கேளுடா. நாலு பன்னியோட நாலு கால வச்சா, அது எந்தப் பக்கம் நடக்கும்?"

முருகு காது சிவக்கக் கேட்டான். கடைக்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரிக்காமல் உள்ளே போனார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் குளிர் அறைக்குள் இருந்த காலையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, உயரம் பார்த்து, பருமன் பார்த்து ஜோடி சேர்த்தார். கடைசியில் பலகை மேல் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டாக நாலு முட்டியை நிறுத்தி வைத்து, ஏதோ சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒரே பன்னின்னு சத்தியம் பண்ண முடியாதாம். ஆனா அண்ணன் தம்பியா இருக்கும்ங்கிறாரு."

எனக்கு அது போதும். பங்காளிகள் சாப்பிடப் போகிற கறி, பன்றியும் பங்காளியாக இருந்தால் பொருத்தம்தானே.

புகை போட்டது வேண்டாம், சாதாரணமானது என்று கேட்டு வாங்கினோம். தோல் வழவழவென்று ஒரு ரோமம் இல்லாமல் இருந்தது. நம் ஊரில் வைக்கோலைக் கொளுத்தி வாட்டிச் சுரண்டுவோம். இங்கே பன்றி சலூனுக்குப் போய்விட்டு வந்ததுபோல இருக்கிறது. பேத்திக்கு முன்னால் பன்றிக்கு மொட்டை ஆகிவிட்டதே என்று எனக்குச் சின்ன உறுத்தல். கறி நல்ல ரோஸ் நிறம். புதுக்கறி என்று சந்தோஷப்பட்டேன். அந்த நிறம் எதனால் என்று அப்போது தெரியாது.

படையல் கறியை இடம் போய்ச் சேரும்வரை இடுப்புக்குக் கீழே இறக்கக் கூடாது. பையைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். டிரைவர் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பை மடிக்கு வரும், மடி இடுப்புக்குக் கீழே. நான் நின்றேன். நான் உட்காராமல் வண்டியை எடுக்க மாட்டேன் என்று அவர் எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த ஊர் ஜனங்கள் கோபத்தைக்கூடப் பேசாமல்தான் படுகிறார்கள். ஒருத்தர் கடிகாரத்தைப் பார்த்தார், ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தார். கடைசியில் உட்கார்ந்து, பையைத் தலைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

பக்கத்து சீட்டு அம்மாள் என்னவென்று கேட்டார். முருகு சொன்னான். அந்த அம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காய்ந்த பட்டாணி போட்டு சூப் வைக்கச் சொன்னார். இறங்கும்போது திரும்பி வந்து இன்னொன்றும் சொன்னார்.

"ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போடணுமாம்ப்பா."

"அன்னைக்கே ஆக்கணும்டா. ஏனாம்?"

"கறி மெத்துனு வரும்னு இருக்கும்."

தோட்டத்தில் கென் மூன்று கல் கூட்டி விறகு போட்டு வைத்திருந்தார். ஜாம் காய்ச்சுகிற பெரிய செம்புச் சட்டி அவருடையது. அவர் கொட்டகையிலிருந்து ஒரு பழைய செங்கல் கேட்டு வாங்கி, அவரைப் பாத்தி ஓரத்தில் நட்டு, திருநீறு பூசி, வீரனாரைக் கூப்பிட்டேன். கென் தொப்பியைக் கழற்றி, செங்கலுக்கு வணக்கம் சொன்னார்.

சட்டி கொதித்து நுரை கட்டியதும் அவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

"மொதத் தண்ணிய கொட்டிட்டு வேற தண்ணி ஊத்தணும்ங்கிறாருப்பா."

"படையல் தண்ணியக் கொட்டுறதா? அவருக்கு நம்ம முறை தெரியாது, பாவம். நன்றி சொல்லு."

மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதித்தது. தண்ணீர் சுண்டச் சுண்ட, மஞ்சளும் மிளகும் சேர்ந்து அந்தத் தோட்டமே மணத்தது. தோல் கண்ணாடி போலப் பளபளத்தது, முட்டியிலிருந்து கறி தானாக விலகியது. உப்பு ஒரு கல் போடவில்லை. நாக்கில் வைக்கவில்லை. சோறு வடித்து, வாழை இலைக்கு வழியில்லாமல் கோஸ் இலையில் படைத்து, சூடம் காட்டினேன். சுதாவும் கயலும் தள்ளி நின்றார்கள்.

"பொண்ணுக்குத்தான் முடி, ஆனா பொண்ணுங்க சாப்புடக் கூடாது. நல்ல சாமி மாமா உங்க சாமி" என்றாள் சுதா.

"நீ பன்னி திம்பியாம்மா?"

"ஐயோ, சாமி சொன்னது சரிதான்."

பங்காளி என்று இருந்தது நானும் முருகும். உட்கார்ந்தோம். நான் முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

அதை எப்படி எழுதுவது? நாகப்பட்டினம் கடலில் தலைகுப்புற விழுந்தவன் வாயில் என்ன இருக்குமோ, அது. கண்ணில் தண்ணீர் வந்தது. முருகு வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தான்.

"அப்பா... உப்பு போட்டீங்களா?"

"என் தலைமேல அடிச்சுச் சொல்றேன், போடலடா."

கென்னைக் கேட்டோம். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். ஹாம் ஹாக் என்றாலே உப்புத் தண்ணீரில் நாள் கணக்கில் கிடந்த கால்தானாம். அந்த ரோஸ் நிறமும் அதனால்தான். உப்பை இறக்கத்தான் ஊற வைப்பதும், முதல் தண்ணீரைக் கொட்டுவதும். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் காரணம் சொல்லவில்லை. நாங்களோ ஊறவும் வைக்காமல், கொட்டவும் செய்யாமல், சுண்டவும் வைத்துவிட்டோம். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து உப்பே காணாத வீரனாருக்கு ஒரு உப்பளத்தையே படைத்திருக்கிறேன்.

உப்புக் குற்றத்தை வீரனார் மன்னிக்கலாம், நாங்கள் போட்டதில்லை. ஆனால் மிஞ்சினால்? நாலு முட்டி கிடக்கிறது, ஆள் இரண்டு. அந்தப் பக்கம் கயல் முடியைக் கண்ணிலிருந்து தள்ளித் தள்ளிக் கசக்கிக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளை. நான் இன்னொரு கவளம் எடுத்தேன். முருகும் எடுத்தான். என் மகன் எத்தனையோ விஷயத்தில் என்னோடு சண்டை போட்டவன். அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்றான். அப்படியும் ஒரு முட்டிக்கு மேல் இறங்கவில்லை. அவன் எழுந்து ஓடி உருளைச் செடிக்குப் பின்னால் குனிந்துவிட்டான்.

கென் அருகில் வந்து சட்டியை எட்டிப் பார்த்தார். மோந்து பார்த்தார்.

"நானும் ஒரு வாய் சாப்பிடலாமான்னு கேக்குறாருங்க மாமா" என்றாள் சுதா.

"பங்காளிதான் சாப்பிடலாம்."

"பங்காளின்னா யாருன்னு கேக்குறாரு."

யோசித்தேன். இடம் அவர் கொடுத்தது. விறகும் சட்டியும் அவருடையது. செங்கல்கூட அவர் வீட்டுச் செங்கல். வீரனார் இறங்கி நிற்பது அவர் மண்ணில். எங்கள் பக்கம் சொத்துப் பிரிக்கும்போதுகூட இவ்வளவு பாத்தியதை உள்ளவனைப் பங்கில்லை என்று தள்ளமாட்டார்கள். செங்கல் முன்னால் போய் விழுந்தேன். "வீரனாரே, இவரு பேரு கென். இன்னையிலேருந்து எங்க வகையறா. ஏத்துக்க" என்று சொல்லி, அவர் நெற்றியில் திருநீறு இட்டு, கோஸ் இலை போட்டேன்.

கென் உட்கார்ந்தார். ஒரு கவளம் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

"அவங்கம்மா ஆக்குன மாதிரியே இருக்காம்" என்றாள் சுதா. "கொஞ்சம் கடுகு மட்டும் வேணுமாம்."

கொட்டகையிலிருந்து மஞ்சளாக அரைத்த கடுகு ஒரு புட்டி எடுத்து வந்தார். அதைத் தொட்டுக்கொண்டு, தன் சாப்பாட்டுக்கு எடுத்து வந்திருந்த வேகவைத்த பட்டாணியையும் ரொட்டியையும் சேர்த்துக்கொண்டு, அந்த மனுஷன் மூன்று முட்டியையும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தின்றார். எலும்பை உறிஞ்சினார். சட்டியின் அடியில் நின்ற சாற்றை ரொட்டியால் துடைத்துத் தின்றார். தோலைக்கூட விடவில்லை. நான் கைகூப்பியபடி உட்கார்ந்திருந்தேன். நிஜமாகவே அழுதுவிட்டேன். உப்பால் வந்த கண்ணீர் என்று முருகு நினைத்துக்கொண்டான்.

சட்டி காலி. வேண்டுதல் நிறைவேறியது.

தாய்மாமன் மடியில் வைத்து முடி எடுக்க வேண்டும். கென் தன் மடியைத் தட்டிக் காட்டினார். கூடாது என்றேன். காலையில் கேட்டிருந்தால் மாமனாக உட்கார்ந்திருக்கலாம், இப்போது பங்காளி ஆகிவிட்டார், ஒரே ஆள் இரண்டு முறையிலும் இருக்க முடியாது. முருகு இதை அவருக்குச் சொல்லிப் புரிய வைப்பதற்குள் நான் பாதி முடியை எடுத்துவிட்டேன். சுதாதான் பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். கும்பகோணத்திலிருந்து அவள் தம்பி போனில், "அக்கா, என் மடியில இருக்குன்னு நெனச்சுக்க, காதுகிட்ட பாத்து எடுக்கச் சொல்லு" என்று கத்திக்கொண்டே இருந்தான். மொட்டைத் தலையோடு கயல் எங்களை எல்லாம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கண்ணும் முழுசாகத் தெரிந்தது.

டீ குடிக்கும்போது பங்காளி ஆனதில் என்னென்ன பாத்தியதை என்று கென் கேட்டார்.

"நான் செத்தா நீங்க தல முழுகணும்" என்றேன்.

"நான் செத்தா?"

"எங்க ஏழு வீட்டுலயும் அந்த வருஷம் பொங்கல் கெடையாது."

முருகு சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பொங்கல் எந்த மாசம் என்று விசாரித்தார். "அப்போ அதுக்கு முன்னாடி சாகாமப் பாத்துக்கிறேன்" என்றார்.

அந்தச் செங்கலை அவர் பிடுங்கவில்லை. புறா வந்து அவரையைக் கொத்துவது நின்றுவிட்டது என்று முருகு போன் போடும்போதெல்லாம் சொல்லி அனுப்புவார். ஊருக்கு வந்ததும் கோவிந்தராசு அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். உப்பு என்றதும் முகம் சுருங்கியது, மிச்சமில்லை என்றதும் விரிந்தது. கென்னைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

போன மார்கழிக் கடைசியில் முருகு போன் போட்டான். கென் தூக்கத்திலேயே போய்விட்டார். கொடுத்த வாக்கில் அது ஒன்றுதான் அவரால் முடியவில்லை.

அண்ணன் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். அண்ணன் சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தார்.

"கறி தின்னாரா?"

"தின்னாருண்ணே."

"முட்டியோடயா?"

"எலும்பு உறிஞ்சுற வரைக்கும்."

"மிச்சம் வச்சாரா?"

"சட்டியையே தொடச்சுட்டாரு."

"அப்பறம் என்னடா கேள்வி? பங்காளி செத்துருக்கான். போய் தல முழுகு."

ஏழு வீட்டு ஆண்களும் வாய்க்காலில் முழுகினோம். "ஒரு வெள்ளைக்காரனுக்காக வருஷத்துப் பொங்கல விடுறதா?" என்று பெண்கள் கேட்டார்கள். கேட்டுவிட்டு, வாங்கி வைத்த புதுப்பானையைக் கவிழ்த்தும் வைத்தார்கள். ஊரெல்லாம் பொங்கலோ பொங்கல் என்று சத்தம் போட்டபோது எங்கள் ஏழு வாசலும் சும்மா கிடந்தது.

இவ்வளவுதான் நடந்தது. இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவர் காதில் போடும்போது தயவுசெய்து நான் வைத்தபடியே வையுங்கள். நான் லண்டனில் பன்றி வெட்டினேன் என்று சொல்லாதீர்கள். வெட்டி வைத்திருந்ததை வாங்கினேன். படையலில் உப்புப் போட்டேன் என்று சொல்லாதீர்கள். அது உள்ளேயே இருந்தது. யாரோ வெள்ளைக்காரன் செத்ததற்கு இவன் பொங்கலை நிறுத்தினான் என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். செத்தவர் எங்கள் பங்காளி.